இரண்டாம் சனிக்கிழமை இராச்சாப்பாடு: குறைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லை

கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றில் போடப்படும் சாப்பாடு இவ்வாய்வில் சேராது. அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. காரணமுள்ள சாப்பாட்டில் ஆராய என்ன இருக்கிறது? ஒரே சாதி, ஒரே அலுவலகம், ஒரே கட்சி, ஒரே தெரு என்ற எந்தப் பொதுமையும் இல்லாத ஏழெட்டுப் பேர், ஒரு விசேஷமும் இல்லாமல், மாதந்தோறும் ஒரே வீட்டில் கூடி, உண்டு, சண்டை போட்டு, மறுபடியும் அடுத்த மாதம் வருகிறார்களே, அதுவே ஈண்டு ஆய்வுப் பொருள்.

களம்: சென்னை நங்கநல்லூரில் ஒரு மொட்டைமாடி. நாள்: ஆங்கில மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. ஆய்வுமுறை: பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது, கட்டுரையாளரும் சாப்பிட்டார். தரவாளர்கள் ஆய்வு அறத்தின்படி பெயர் நீக்கப்பட்டுத் தொழிலால் மட்டும் குறிக்கப்படுகின்றனர்: ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் (இனி ‘சார்’), தோல் வணிகம் செய்யும் ஆம்பூர்க்காரர் (‘பாய்’), சௌகார்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெயின் நண்பர், தொழிற்சங்கத் தோழர், அரசுப் பள்ளி டீச்சர், பால் பொருள் எதையும் தொடாத ஐ.டி. தம்பி, வீட்டுக்காரரான சித்த மருத்துவர், அவர் துணைவியார் (‘அக்கா’, எழுபது வயது சாருக்கும் அவர் அக்காதான்).

ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பந்தி முடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய விருந்து தொடர்வது நிறைவால் அன்று, குறையால். கல்யாணச் சாப்பாட்டைப் பாருங்கள். இலையில் எதுவும் குறையாது. வாசலில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்ட தாம்பூலப் பையைக் கையில் கொடுப்பார்கள். கணக்கு அத்தோடு தீர்ந்தது, அந்த மண்டபத்துக்கு நாம் மீண்டும் போக வேண்டியதே இல்லை. மாதச் சாப்பாட்டிலோ ஏதாவது ஒன்று முடியாமல் நிற்க வேண்டும். எது நிற்க வேண்டும் என்பதே பின்வரும் இயல்கள்.

முன்னோர் கூறியனவும் கூறாதனவும்

வள்ளுவர் 9-ஆம் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்குத் தந்து, முகம் கோணாமல் உபசரிப்பது வரைக்கும் சொல்லிவிட்டார். அதே விருந்தினர் அடுத்த மாதமும் அதே கிழமையில், அதே இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, “அக்கா, இன்னைக்கு என்ன?” என்று கேட்டபடி மாடிப்படி ஏறினால் என்ன செய்வது என்பதற்கு அதிகாரம் இல்லை. பரிமேலழகரும் பேசாதிருக்கிறார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி தொடர்ந்து தங்குவோரைத் தடுப்பது. விட்டு விட்டு வருவோரை அது கட்டுப்படுத்தாது. சட்டத்தில் இருக்கும் இந்த ஓட்டையில்தான் நங்கநல்லூர்க் குழு நுழைந்திருக்கிறது.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டு வட்டத்தொட்டியில் கூட்டிய கூட்டத்தை முன்னோடியாகச் சொல்லலாம். வழக்கறிஞர், நீதிபதி, அரசு அலுவலர், எழுத்தாளர் என்று பலரும் அங்கே வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவில் கம்பன் இருந்தான். நம் குழுவுக்கு நடுவில் இருப்பது ரசம்.

நாள் குறித்தல்

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை ஒட்டி 18-ஆம் நூற்றாண்டில் ‘லூனார் சொசைட்டி’ என்ற விருந்துக் குழு இருந்தது. நீராவி எந்திரத்து ஜேம்ஸ் வாட், ஆலை முதலாளி மேத்யூ போல்டன், பீங்கான் செய்த வெட்ஜ்வுட், சார்லஸ் டார்வினின் தாத்தாவான மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் போன்றோர் சேர்ந்து சாப்பிட்டார்கள். பௌர்ணமியை ஒட்டியே கூடினார்கள். தெருவிளக்கு இல்லாத காலம், குதிரை வண்டி நிலா வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர வேண்டும். முதலில் ஞாயிற்றுக்கிழமையில் கூடியவர்கள், 1780-இல் ஜோசப் பிரீஸ்ட்லி வந்து சேர்ந்ததும் திங்களுக்கு மாறினார்கள். அவர் பாதிரியார், ஞாயிறன்று அவருக்கு வேலை இருந்தது. இவ்வளவு பேர் ஒருவருக்காக நாளை மாற்றியதைக் கவனிக்க. அந்த ஒருவர் ஆக்சிஜனைக் கண்டறிந்தவர் என்பதால் மாற்றியிருக்கலாம் என்று தோழர் ஐயுறுகிறார்.

நங்கநல்லூரில் நிலாவின் இடத்தில் மெட்ரோ இருக்கிறது. கடைசி வண்டி இரவு 11 மணியளவில். மற்றபடி நாள் குறிக்கும் பணி பஞ்சாங்கக் கணிதத்தைவிடக் கடினமானது. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. சார் அப்போதே ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும், விடுமுறை நாளில் விடுமுறை எடுக்கும் சுகத்தை அவர் விடத் தயாராக இல்லை. எனவே இரண்டாம் சனி. சனிக்கிழமை என்றால் குழுவில் மூவர் கவிச்சி தொடமாட்டார்கள். புரட்டாசி வந்தால் எந்தக் கிழமையானாலும் தொடமாட்டார்கள். ஏகாதசி மாதத்துக்கு இருமுறை வந்து எப்போதாவது இரண்டாம் சனியில் உட்காரும். அன்று அக்கா அரிசி சாப்பிடுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் வடித்துக் கொட்டுவார்.

இவற்றில் மிக நுட்பமானது சூரியன் சம்பந்தப்பட்டது. ஜெயின் நண்பர் சூரியன் மறைந்தபின் எதுவும் உண்பதில்லை. பாய் ரமலான் மாதத்தில் சூரியன் மறையும்வரை எதுவும் உண்பதில்லை. சென்னையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் மறைகிறது. ஆகவே ரமலானில் வரும் இரண்டாம் சனிக்கிழமையன்று இவ்விருவரும் சேர்ந்து உண்ணக் கிடைக்கும் நேரம், கணிதப்படி, சுழி. ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் வேறு பருவத்தில் ஏதாவது வழி பிறக்கும் என்று தம்பி கணினியில் அட்டவணை போட்டுப் பார்த்தான். பருவம் எதுவானாலும் சூரியன் ஒன்றுதானே என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னபிறகு அட்டவணை கைவிடப்பட்டது. நடைமுறையில் நடப்பது இது: ஜெயின் நண்பர் ஐந்தரைக்கே வந்து உண்டு கைகழுவிவிட்டு, பள்ளிவாசல் பாங்கு எப்போது கேட்கும் என்று பாயைவிட ஆவலாகக் காது கொடுத்து நிற்கிறார். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத் தட்டை நீட்டுவது அவர்தான். சேர்ந்து உண்ண முடியாத இருவர், மற்ற எவரையும்விட ஒருவர் சாப்பாட்டு நேரத்தை ஒருவர் துல்லியமாக அறிந்திருக்கின்றனர் என்பது குறைக் கோட்பாட்டுக்கு முதற் சான்று.

அழைப்பு முறை பற்றி ஒரு வார்த்தை. 1864 நவம்பர் 3 அன்று லண்டனில் ஹக்ஸ்லி, டிண்டால், ஹூக்கர், ஹெர்பர்ட் ஸ்பென்சர் முதலிய அறிவியலார் ‘எக்ஸ் கிளப்’ என்று ஒரு மாதச் சாப்பாட்டுக் குழுவைத் தொடங்கினர். அழைப்பு அஞ்சலட்டையில் வரும்: எக்ஸ் = 5. ஐந்தாம் தேதி சாப்பாடு என்று பொருள். இதைவிடச் சிக்கனமான அழைப்பிதழை அடித்தவர் யாரும் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுவிலோ “இந்த மாதம் உண்டுதானே?” என்ற ஒரு கேள்விக்கு நாற்பது கட்டைவிரல்கள் விழுகின்றன, உறுப்பினர் எண்மர் மட்டுமே இருந்தும். கோனிக்ஸ்பெர்க் நகரத்து தத்துவஞானி கான்ட் அன்றன்று காலையில்தான் அழைப்பு அனுப்புவார். முன்கூட்டியே சொன்னால், தம் பொருட்டு வேறொரு நல்ல விருந்தை அவர்கள் இழக்க நேரலாம் என்பது அவர் எண்ணம். இதை அக்காவிடம் சொன்னபோது, “காலையில சொன்னா உளுந்து எப்ப ஊற வைக்கிறது?” என்று கேட்டார். தூய அறிவின் எல்லை எதுவென்று அக்கேள்வியால் விளங்கிற்று.

எத்தனை பேர்

விருந்தினர் தொகை கிரேக்க அழகுத் தேவியர் மூவருக்குக் குறையாமலும், கலைத் தேவியர் ஒன்பதின்மருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கான்ட் ஏற்றுக்கொண்டார். சாமுவேல் ஜான்சனும் ஓவியர் ரெய்னால்ட்ஸும் 1764-இல் தொடங்கிய ‘தி கிளப்’பிலும் தொடக்கத்தில் ஒன்பது பேர். எக்ஸ் கிளப்பிலும் ஒன்பது பேர். பத்தாவது ஆளைச் சேர்க்க நினைத்தார்கள், எல்லோருக்கும் பிடித்த ஒருவர் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த ஒரு நாற்காலி காலியாகவே கிடக்க, குழு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிற்று. பத்தாமவர் கிடைத்திருந்தால் இரண்டாம் ஆண்டே கலைந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சான்று கேட்போர் இத்துணிபைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போகலாம்.

கணக்கு எளியது. எட்டுப் பேர் கூடினால் 28 இணைகள், பன்னிரண்டு பேரென்றால் 66. இணை ஒவ்வொன்றும் ஒரு மனத்தாங்கலுக்கு இடமளிக்கும். ராபின் டன்பார் முதலிய ஆய்வாளர்கள் 1990-களில் கண்டறிந்தபடி, இயல்பான ஓர் உரையாடலில் நால்வருக்கு மேல் நிற்பதில்லை. ஐந்தாமவர் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிளக்கும். மொட்டைமாடியில் இது கண்கூடு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அரசியல், கைப்பிடிச்சுவர்ப் பக்கம் முழங்கால் வலி. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மறுபக்கத்தில்தான் சுவையான பேச்சு நடக்கிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் அடுத்த மாதம் வருகிறார்கள்.

இந்த இலக்கணத்துக்கெல்லாம் புறனடையாக ஒருவர் இருந்தார். அமெரிக்கரான ஜிம் ஹேன்ஸ் பாரிஸில் தம் வீட்டில் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி, வாரந்தோறும் ஞாயிறு இரவு, முன்பின் தெரியாத ஐம்பது அறுபது பேருக்குச் சாப்பாடு போட்டார். தொலைபேசியில் பெயர் சொன்னால் போதும். 2021-இல் அவர் இறக்கும்முன் வந்துபோனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுவோர் உண்டு. ஒன்பது எங்கே, அறுபது எங்கே? கோட்பாடு ஆட்டம் காண்கிறதே என்று கலங்கிய வேளையில் ஒரு விவரம் கைகொடுத்தது: அங்கே போதுமான நாற்காலி கிடையாது. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடிதான் உண்பார்கள். நிற்பவன் நகர்வான், நகர்பவன் முட்டிக்கொள்வான், முட்டிக்கொண்டவன் பேசியே ஆக வேண்டும். நாற்காலிக் குறையே அவ்விருந்தைத் தாங்கிற்று என்க.

யார் பக்கத்தில் யார்

பாரிஸில் இது வேடிக்கை. நம் மண்ணில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து உண்பது என்பது ஒருகாலும் சில்லறை விஷயமாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் தென்திருவிதாங்கூரில் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததும், வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1924, 25-இல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டியதும் நினைவிருக்க வேண்டும். இன்றும் சுதந்திர தினத்தன்று பெரிய கோயில்களில் சமபந்தி போஜனம் நடக்கிறது. ஆட்சியரும் அமைச்சரும் இலையில் உட்கார, புகைப்படம் எடுக்கப்படும். ஆண்டுக்கு ஓரிரு நாள் அரசு முயன்று செய்வதை, மொட்டைமாடியில் எவரும் புகைப்படம் எடுக்காமல் செய்கிறார்கள் என்று தோழர் பெருமைப்பட, “அதான் போன மாசம் ரெண்டு எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டீங்களே, அண்ணே” என்றான் தம்பி. தோழர் சாம்பார் கேட்டார்.

இருக்கை வரிசை பற்றிய தரவு ஒன்றே. சாரும் தோழரும் அருகருகே உட்கார்ந்தால் வங்கி தேசியமயமாக்கல் வரும். 1969-இல் 14 வங்கிகள், 1980-இல் 6 வங்கிகள் என்று இருவரும் ஒரே எண்களைச் சொல்லி, நேர்மாறான முடிவுகளுக்கு வருவார்கள்.

பண்டவியல்

எல்லோரும் உண்ணக்கூடிய ஒரே பண்டம் எது? கணிதத்தில் மீப்பெரு பொதுக் காரணி காண்பது போன்றதே இது என்று எண்ணி ஆய்வு தொடங்கிற்று. ஜெயின் நண்பருக்கு உருளை, வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளைவது எதுவும் ஆகாது. தம்பிக்குத் தயிர், நெய், பால் ஆகாது. சாருக்குச் சர்க்கரை, ஆகவே அரிசியை அளந்துதான் போட வேண்டும். மருத்துவர் கத்திரிக்காயை யாருக்குமே பரிந்துரைப்பதில்லை, தாம் மட்டும் சாப்பிடுவார். டீச்சருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சை சாதம் அங்கே விழுந்தது.

இட்லி மட்டும் எல்லாத் தேர்விலும் தேறும் என்று நம்பியிருந்தோம். இரவு முழுக்கப் புளித்த மாவு தமக்கு உகந்ததல்ல என்று ஜெயின் நண்பர் மிக மென்மையாகச் சொன்னார். ஏகாதசியன்று அக்காவுக்கும் ஆகாது. சார் இரண்டோடு நிறுத்திவிட்டு மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுக் காரணியாக எஞ்சியது தண்ணீர் ஒன்றுதான், அதுவும் சூரியன் மறையும்வரை. தமிழ்நாட்டில் இட்லி தோற்ற களம் வேறெங்கும் பதிவாகியுள்ளதா என்று தேடிப் பார்க்கத்தக்கது.

தீர்வு சிறுபிள்ளைகளிடமிருந்து வந்தது. ஆளுக்கொரு பிடி அரிசியும் காயும் கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்குவார்களே, அந்த முறைதான். ஒவ்வொருவரும் தமக்கு ஆகும் ஒன்றைக் கொண்டு வருவது. விளைவாக, எல்லாவற்றையும் உண்ணக்கூடியவர் எவரும் அங்கில்லை, ஒவ்வோர் இலையிலும் ஓரிடம் காலி. அந்தக் காலியிடத்தைப் பக்கத்து இலைக்காரர் பார்க்கிறார். அடுத்த மாதம் டீச்சர் ஒரு சின்ன டப்பாவை ஜெயின் நண்பர் பக்கம் நகர்த்தி, “உங்களுக்குன்னு வெங்காயம் போடாம தனியா எடுத்து வெச்சேன்” என்கிறார். அவரோ, வீட்டில் செய்த காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியில் நெய் தடவாதவை என்று தம்பிக்கு ஒரு கட்டு. எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளும் குழுவில் இந்தப் போக்குவரத்து நிகழ வழியே இல்லை.

ஆனால் பண்டவியலின் உச்சம், ஒருநாளும் வராத பண்டம். பாய் ஆம்பூர்க்காரர். சீரகச் சம்பாவில் அவர் வீட்டுப் பிரியாணியைப் பற்றி அவரே முதல் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினார். கொண்டு வருகிறேன் என்று வாக்கும் தந்தார். ஆனால் கூடுவதோ சனிக்கிழமை, மூவர் சைவம். நாளை மாற்றினால் சாரின் விடுமுறை போச்சு. ஆகவே பாய் ஒவ்வொரு மாதமும் பிரியாணியோடு தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காயை மட்டும் கொண்டு வருகிறார். அதை வெறும் சோற்றில் பிசைந்து உண்டபடி, இல்லாத பிரியாணியைப் பற்றிப் பேசுகிறோம். தொடுகறி மட்டும் வந்து தலைமைப் பண்டம் வராத விருந்தை அணியிலக்கணத்தில் எவ்வணியில் சேர்ப்பது என்று தமிழ்ப் பேராசிரியர்கள் சொல்ல வேண்டும். “ஒரு நாள் எல்லாரும் ஆம்பூருக்கே வந்துடுங்க” என்கிறார் பாய். போய்விட்டால் குழு பிழைக்குமா என்ற அச்சம் கட்டுரையாளருக்கு உண்டு.

பரிமாறும்போது வேண்டாம் என்பதைக் கையால் சொல்லும் முறையும் அளக்கப்பட்டது. இலைமேல் கவிழ்த்த உள்ளங்கையில் விரல்கள் ஒட்டியிருந்தால் உண்மையாகவே வேண்டாம். விரலிடையில் வெளிச்சம் தெரிந்தால் ஒரு கரண்டி. சாரின் விரல்கள் பாயசத்தின்போது காட்டும் இடைவெளியில் முந்திரியே விழும்.

பேச்சு

விருந்துப் பேச்சு செய்தி சொல்லுதல், வாதிடுதல், வேடிக்கை என்று மூன்று கட்டமாக நகரும் என்று கான்ட் 1798-இல் வெளியிட்ட மானுடவியல் நூலில் வகுத்தார். நங்கநல்லூரில் முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் சாப்பாட்டின் இருபுறமும் ஒட்டிய கரை மட்டுமே, நடுவில் முழுக்க வாதம். இங்கே ஒரே ஒரு விதி: செல்போனில் தேடிப் பார்க்கக் கூடாது. பழைய படத்தில் ஒரு பாட்டை எழுதியது கண்ணதாசனா வாலியா என்ற வழக்கு, தேடிப் பார்த்தால் ஒரு நொடியில் தீரும். தீர்ந்தபின் சாருக்கும் டீச்சருக்கும் பேச ஒன்றும் மிஞ்சாது. ஒருமுறை தம்பி ஆர்வக்கோளாறில் விடையைச் சொல்லிவிட்டான். அன்று ஒன்பது மணிக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

விதிகள் இதற்கு மேல் வேண்டாம் என்பதற்கு எக்ஸ் கிளப்பே முன்மாதிரி. விதியே இல்லை என்பதுதான் அவர்கள் விதி. அதைக் குறிப்பேட்டில் ஏற்றலாம் என்ற யோசனை வந்தபோது, ஏற்றினால் விதிக்கு முரணாகும் என்று தள்ளிவிட்டார்கள். ஜான்சன் குழுவிலோ சர் ஜான் ஹாக்கின்ஸ் என்பவர், தாம் இராச்சாப்பாடு உண்பதில்லை, ஆகவே சாப்பாட்டுச் செலவில் பங்கு தரமாட்டேன் என்றார். அவர் அதிக நாள் நீடிக்கவில்லை. நம் ஜெயின் நண்பரும் இரவில் உண்பதில்லை. ஆனால் வாடகை நாற்காலிக்கும் ஷாமியானாவுக்கும் முதல் ஆளாகப் பணம் கொடுப்பவர் அவரே. இருநூற்றைம்பது ஆண்டுகளில் மானுடம் சற்று முன்னேறியிருப்பதாகக் கொள்ளலாம்.

பாத்திரவெட்டியல்

மிஞ்சிய பண்டங்களைப் பிரித்து ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக் கொடுப்பதோடு விருந்து முடிகிறது என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அங்கேதான் அடுத்த விருந்து தொடங்குகிறது. வாங்கிப்போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் வழக்கமில்லை. ஒரு முறுக்காவது, நாலு எலுமிச்சையாவது போட்டுத்தான் தருவோம். போட்டுத் தந்ததை எடுத்துக்கொண்டவர் கடன்படுகிறார். எந்த மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் குறைந்தது மூன்று பாத்திரங்கள் தவறான வீட்டில் இருக்கின்றன. நட்பு முறிந்தாலும் பாத்திரத்துக்காகவாவது வந்தாக வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் இவ்வாய்வுக்குப் பேருதவி செய்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எழுத்தில் பெயர் கீறியிருப்பதைத் தொல்லியலார் காட்டுகின்றனர். சமூக வரலாறு, எழுத்தறிவு என்று பெரிதாகப் பேசுகிறார்கள். குவிரன் தன் பானையை எங்கோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் தவித்திருப்பான் என்ற எளிய விளக்கத்தை யாரும் ஏன் முன்வைக்கவில்லை என்று தெரியவில்லை.

நங்கநல்லூர்ப் பாத்திரவெட்டுகள் பெரும்பாலும் திருமணக் கொடையைச் சேர்ந்தவை. கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும், வைத்திருப்பவர் பெயர் இருக்காது. சாருடைய சம்புடத்தில் உள்ள பெயர் அவருடைய மைத்துனருடையது. பாயின் அன்னவாளியில் திண்டிவனத்து நகைக்கடை ஒன்றின் அன்பளிப்பு வாசகம். தோழர் தம் டிபன் கேரியரில் சங்கத்தின் பெயரைச் சுருக்கி வெட்டியிருக்கிறார், அதன்பின் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது, கேரியர் எந்தப் பிரிவுக்கு என்பது நிலுவையில் இருக்கிறது.

விளங்காதது ஒன்றுண்டு. ‘எம்.ஆர்.எஸ்.’ என்று மட்டும் வெட்டப்பட்ட ஒரு தூக்குவாளி. குழுவில் அவ்வெழுத்துகளுக்கு உரியவர் யாரும் இல்லை, யாருடைய மாமனாரும் இல்லை. அக்கா அதைப் பரணில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அவசரத்துக்கு யாருக்கோ அதில் குழம்பு ஊற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். போன சனிக்கிழமை அது மாடிப்படி முனையில் வந்து உட்கார்ந்திருந்தது, நிறைய மிளகு ரசத்தோடு. ரசம் மிக நன்றாக இருந்தது. வைத்தது யார் என்று கேட்டதற்கு எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

“எனக்கு ரசமே வைக்கத் தெரியாதே, சார்” என்றார் டீச்சர்.